மண்கோட்டையும் கிஸ்திப் பாக்கியும்

சென்ற மாதம் ஆடித்தபசு பற்றி எழுதியபோது, கோவிலுக்குள் இருக்கும் பூலித்தேவர் அறையைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் விட்டேன். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிஸ்தி என்ற சொல். இன்றைய பிள்ளைகள் இதை கட்டபொம்மன் படத்து வசனத்தில்தான் கேட்டிருப்பார்கள். வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு இது சோறு போட்ட சொல். பசலி முடிகிற ஜூன் மாதம் வந்துவிட்டால் பாக்கி, நடப்பு, வசூல், ஜமாபந்தி என்று தூக்கத்திலும் கணக்கு ஓடும். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, பூலித்தேவர் கதையை யார் சொன்னாலும் வீர வசனத்தைத் தாண்டி எனக்கு ஒரு கேள்விதான் முதலில் வரும். கேட்கிறவனுக்குக் கேட்க என்ன பாத்தியதை? யார் கொடுத்த பட்டா?

சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரைச் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பாளையக்காரர் தன் எல்லையில் காவல் பார்ப்பார், வழக்குத் தீர்ப்பார், வரி வாங்குவார். அதில் ஒரு பங்கு மதுரைக்குப் போகும், போர் வந்தால் படையோடு வர வேண்டும். இது நாயக்கருக்கும் பாளையக்காரருக்கும் உள்ள ஒப்பந்தம். 1736-ல் ராணி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. அதற்குப் பிறகு சந்தா சாகிபு, மராட்டியர், நிஜாமின் ஆட்கள் என்று மதுரை கை மாறிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ இருபது வருடம் நம் பக்கத்துப் பாளையக்காரர்களிடம் ஒழுங்காக வரி கேட்டு வாங்கிய மேலதிகாரி என்று ஒருவரும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். ஒருவருக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை, மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1752-ல் சந்தா சாகிபின் தலை போனது, முகமது அலி ஜெயித்தார். ஆனால் கம்பெனிப் பட்டாளம் சும்மா வந்து சண்டை போடவில்லை. சிப்பாய்க்குச் சம்பளம், குண்டு, மருந்து எல்லாம் நவாப் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடனை அடைக்க நவாப் காட்டிய இடம்தான் மதுரையும் திருநெல்வேலியும். என் ஆபீஸ் பாஷையில் சொன்னால், தன் அனுபவத்திலேயே இல்லாத நிலத்தை ஒருவர் இன்னொருவருக்கு ஈடு காட்டிக் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவன் துப்பாக்கியோடு வசூலுக்குக் கிளம்பிவிட்டான்.

1755-ன் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் என்பவர் 500 ஐரோப்பியச் சிப்பாய்களோடும் 2,000 நாட்டுச் சிப்பாய்களோடும் தெற்கே வந்தார். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் குதிரைப் படையோடு கூட வந்தார். நாட்டுச் சிப்பாய்களுக்குத் தலைவன் யூசுப்கான், நம் மருதநாயகம்தான். மதுரை எதிர்ப்பில்லாமல் கிடைத்துவிட்டது. போகிற வழியில் கோவில்குடிக் கோவிலுக்குள் புகுந்து சிலைகளை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு காரியம் ஹெரானுக்கு எவ்வளவு பகையைத் தேடித் தந்தது என்பது திரும்பிப் போகும்போது தெரிந்தது. நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்து அடித்து, அந்தச் சிலைகளை மீட்டுக்கொண்டு போனார்கள்.

திருநெல்வேலியில் ஹெரான் ஒரு வேலை செய்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வருடத்துக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்கே குத்தகைக்கு விட்டார். சென்னையிலிருந்த மேலதிகாரிகளுக்கு இதில் சம்மதமில்லை. பிறகு ஊர் ஊராகப் பாக்கி வசூல். பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு பகுதிப் பணமும், மீதிக்குப் பிணையாக ஆட்களும் கிடைத்தார்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் அப்போது பிறக்கவில்லை. இது அவருடைய முன்னோர் காலத்துச் சங்கதி.

அடுத்து நெற்கட்டும்செவல். சங்கரன்கோவில்காரர்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. செம்மண் பூமி, அதனால் செவல். நெல் கட்ட மாட்டேன் என்று சொன்னதால் நெற்கட்டும்செவல், நெற்கட்டான்செவல் ஆயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அழகான பேச்சு. இங்கிலீஷ்காரர்களின் போர்களை எழுதி வைத்த ராபர்ட் ஆர்ம் இந்த ஊருக்கு 'நெல்லிதங்கவில்' என்று பெயர் வைத்திருக்கிறார். முதலில் படித்தபோது ஏதோ மலையாள தேசத்து ஊர் என்று நினைத்துத்தான் தாண்டிப் போனேன். பிறகு கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் புரிகிறது, இது நம்ம ஊரென்று.

ஹெரான் கேட்டது 20,000 ரூபாய். பூலித்தேவர் கொடுக்கவில்லை. கோட்டைக்கு வெளியே வந்து நிற்கிற படையிடம் சுவரை உடைக்கிற கனத்த பீரங்கி இல்லை, சாப்பாட்டுச் சாமானும் தீர்ந்துகொண்டிருக்கிறது, சம்பளமும் பாக்கி என்பதை உள்ளே இருந்தவர் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். பிடித்தால் பிடித்துக்கொள் என்று இருந்துவிட்டார். ஹெரான் திரும்பினார். மேடைகளில் இதைப் பெரிய யுத்தமாக வர்ணிக்கிறார்கள். எனக்கென்னவோ, யுத்தம் செய்து ஜெயித்ததைவிட எதிரியின் சாப்பாட்டு மூட்டையை எண்ணிப் பார்த்து உட்கார்ந்திருந்ததுதான் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. ஹெரான் சென்னைக்கு அழைக்கப்பட்டு, விசாரணை நடந்து, வேலையை இழந்தார்.

பிளாசிச் சண்டை 1757. அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற இடத்தில் முதல் துப்பாக்கி வெடித்தது 1775. நெற்கட்டும்செவலில் கம்பெனிக்குக் கிஸ்தி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது 1755.

அமெரிக்காவை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பள்ளியில் படிக்கும் என் பேரன் அவர்களுடைய சுதந்திரப் போரைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டே போனான். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த யுத்தச் செலவை ஈடுகட்ட, 1765-ல் லண்டன் பாராளுமன்றம் அமெரிக்கர் தலையில் முத்திரை வரி போட்டதாம். எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் எப்படி வரி போடலாம் என்று அவர்கள் கிளம்பினார்களாம். கேட்கக் கேட்க எனக்கு நம்ம ஊர்க் கதை மாதிரியே இருந்தது. அங்கேயும் யுத்தக் கடன், இங்கேயும் யுத்தக் கடன். அங்கேயும் பிரெஞ்சுக்காரர், இங்கேயும் பிரெஞ்சுக்காரர். கேட்கிறவனுக்குப் பாத்தியதை உண்டா என்ற கேள்வியும் ஒன்றே. ஆனால் அங்கே 1774-ல் பிலடெல்பியாவில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பிரெஞ்சு ராஜா கப்பலும் படையும் அனுப்பினார்.

பூலித்தேவரும் அப்படி உட்காரவைத்துப் பேசத்தான் பார்த்தார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். ஊத்துமலை, சுரண்டை, தலைவன்கோட்டை, நடுவக்குறிச்சி, சொக்கம்பட்டி, கொல்லங்கொண்டான், சேத்தூர் என்று மேற்குப் பாளையங்கள் அநேகமாக எல்லாவற்றையும் சேர்த்தார். சிவகிரி சேரவில்லை. சந்தா சாகிபின் ஆட்களாக இங்கே தங்கிவிட்ட மூன்று பட்டாணியத் தளபதிகளும் இந்தப் பக்கம் வந்தார்கள். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவுக்குக் களக்காட்டின் மேல் கண். அதைக் காட்டி அவரையும் இழுத்தார். ஹெரான் போன கொஞ்ச நாளிலேயே திருவிதாங்கூர்ப் படையும் பூலித்தேவர் படையும் சேர்ந்து களக்காட்டில் மாபூஸ்கானின் ஆட்களை விரட்டின. ஓடினவர்கள் விட்டுப்போன துப்பாக்கிகள் இவர்கள் கைக்கு வந்தன.

கிழக்கே இருந்த எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் கடைசிவரை சேரவில்லை. இந்த இடத்தில் நம் ஊர்ப் பேச்சாளர்கள் சட்டென்று துரோகம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஹெரான் வாங்கிக்கொண்டு போன பிணையாட்கள் கம்பெனியின் கையில் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. தன் வீட்டுப் பிள்ளை எதிரியின் காவலில் இருக்கும்போது வாளை உருவச் சொல்வது மேடையில் எளிது. மேற்கே மறவர் பாளையம், கிழக்கே நாயக்கர் பாளையம் என்ற பழைய பேதமும் இருந்தது. அதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அன்று கம்பெனிக்குக் கிஸ்தி கட்டிய அதே பாஞ்சாலங்குறிச்சியின் வாரிசு 1799-ல் கயத்தாறில் புளியமரத்தில் தொங்கினார். நாற்பது வருடம் முன்னால் ஒன்றாக நின்றிருந்தால் என்று பெருமூச்சு விடாமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியவில்லை.

1756 மார்ச் 21-ம் தேதி திருநெல்வேலிப் பக்கத்தில் நடந்த சண்டையில் கூட்டணிக்கு முதல் அடி விழுந்தது. பட்டாணியத் தளபதி முடேமியா அங்கே வெட்டுப்பட்டுச் செத்தார். பூலித்தேவர் படையோடு ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். குத்தகை எடுத்த மாபூஸ்கானுக்கு 15 லட்சத்தில் பாதிகூட வசூல் ஆகவில்லையென்றால் ஆச்சரியமில்லை. தம்பியான நவாபோடு அவருக்கு மனக்கசப்பு முற்றி, எதிர்த்துச் சண்டை போட்ட பூலித்தேவரிடமே வந்து சேர்ந்தார். பாக்கி கேட்டு வந்த அதிகாரி பாக்கிதாரர் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிவிட்ட மாதிரி! சில வருடங்கள் நெற்கட்டும்செவலின் தயவில்தான் அவர் காலம் ஓடியது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். கோட்டையைக் காப்பாற்ற யூசுப்கானும் அவருடைய சிப்பாய்களும் வடக்கே போக வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் நம் பக்கம் கம்பெனியின் வசூல் அடியோடு நின்றது. முற்றுகை முடிந்து 1759-ல் யூசுப்கான் திரும்பி வந்தபோது பழைய ஆளாக வரவில்லை. தந்திரத்தோடு வந்தார். முதல் வேலையாகக் களக்காட்டைத் திருவிதாங்கூருக்கே விட்டுக்கொடுத்தார். அங்கே மார்த்தாண்ட வர்மா போய், தர்மராஜா பட்டத்துக்கு வந்திருந்தார். எந்தக் களக்காட்டைக் காட்டிப் பூலித்தேவர் திருவிதாங்கூரைச் சேர்த்தாரோ, அதே களக்காட்டைக் கொடுத்து யூசுப்கான் பிரித்தார். கூட்டணியின் முதுகெலும்பு ஒரு குண்டு செலவில்லாமல் முறிந்தது.

யூசுப்கானின் சொந்த ஊர் ராமநாதபுரம் சீமைப் பனையூர் என்பார்கள். பூலித்தேவரின் கோட்டை ஒன்று இருந்ததும் பனையூரில்தான், ஆனால் இது நம் சங்கரன்கோவில் பக்கத்துப் பனையூர். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. பனையில்லாத ஊர் தெற்கே ஏது?

அந்த டிசம்பரில் யூசுப்கான் திருவிதாங்கூர்ப் படையையும் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூர்க் கோட்டையைச் சுற்றி வளைத்தார். மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் வாசுதேவநல்லூரைத் தாண்டாமல் யாரும் போக முடியாது; மேற்கே பார்த்தால் மலை கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும். கோட்டை மண்ணால் கட்டியது. மண்கோட்டை என்றதும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். கல்சுவரில் குண்டு விழுந்தால் கல் சிதறி, சுவர் சரியும். நன்றாக மிதித்துக் குழைத்து வெயிலில் காய்ந்த செம்மண் சுவரில் குண்டு விழுந்தால் உள்ளே புதைந்துகொள்ளும். எங்கள் காலத்து மண்சுவர் வீட்டில் ஆணி அடித்தவர்களுக்கு இது தெரியும், ஆணி இறங்கும், சுவர் விழாது. கோட்டைக்குள்ளிருந்தவர்கள் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே பூலித்தேவர் வெளியிலிருந்து யூசுப்கானின் கூடாரத்தின் மேல் பாய்ந்தார். உள்ளே இருந்தவர்களும் கதவைத் திறந்துகொண்டு வந்து அடித்தார்கள். வெடிமருந்தும் தீர்ந்துபோன யூசுப்கான் முற்றுகையை விட்டுத் திரும்பினார். பூலித்தேவரின் போர்களில் எதிரியின் எழுத்தை வைத்தே வெற்றி என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது.

இந்த வருடங்களின் சண்டைகளைப் பற்றித்தான் நம் பக்கத்துக் கதைகளும் பாட்டுகளும் இருக்கின்றன. ராத்திரியில் கம்பெனிக் கூடாரத்துக்குள் தனி ஆளாகப் புகுந்த ஒண்டிவீரன் கதையைச் சின்ன வயதில் கேட்காதவர் உண்டா? வயிற்றில் குத்துப்பட்டுக் குடல் சரிந்தபோது தலைப்பாகைத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி சண்டைக்குப் போன வெண்ணிக்காலாடியின் கதையை என் தகப்பனார் சொல்லும்போது குரல் கம்மிவிடும். இந்தக் கதைகளுக்குக் கம்பெனிக் காகிதத்தில் இடமில்லை. கர்னல்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சிப்பாயின் பெயர் எதற்கு? ஊர்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருக்கிற விதத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மறவர், அருந்ததியர், தேவேந்திரர் எல்லாரும் ஒரே சுவருக்குப் பின்னால் நின்றார்கள். இன்று ஒவ்வொரு சமூகத்தாரும் தங்கள் வீரனுக்குத் தனிச் சுவரொட்டி, தனி நாள், தனி ஊர்வலம் வைத்துக்கொண்டு, அடுத்தவரின் வீரனைப் பற்றி வாயே திறப்பதில்லை. செப்டம்பர் முதல் தேதி நெற்கட்டும்செவலுக்குப் போகிற வண்டிகளையும் காவலுக்கு நிற்கும் போலீசையும் பார்க்கிறபோது, கோட்டைக்குள் சேர்ந்து மண் சுமந்தவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும்.

முடிவுக்கு வருகிறேன். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றபின் கம்பெனிக்குத் தெற்கே கவனம் செலுத்த நேரம் கிடைத்தது. யூசுப்கானுக்கு வேண்டிய பீரங்கியும் மருந்தும் வந்து சேர்ந்தன. 1760 டிசம்பரில் தொடங்கிய முற்றுகை மாதக்கணக்கில் இழுத்தது. வெளியிலிருந்து உதவி எதுவும் வரவில்லை. 1761 மே மாதம் 16-ம் தேதி வாக்கில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் யூசுப்கான் வசமாயின. பூலித்தேவர் ராமநாதபுரம் சீமையில் கடலாடிப் பக்கம் போய் மறைந்திருந்தார்.

ஜெயித்த யூசுப்கானின் கதி என்னவாயிற்று? மதுரையை ஆளத் தொடங்கியவருக்கு நவாபுக்கு ஏன் கணக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பூலித்தேவர் கேட்ட அதே கேள்வியை இப்போது அவர் கேட்டார். 1764 அக்டோபர் 15-ம் தேதி மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அவர் பூலித்தேவரை உடைக்காமல் இருந்திருந்தால், 1764-ல் அவருக்குத் தெற்கே ஒரு துணை இருந்திருக்கும்.

யூசுப்கான் போனதும் பூலித்தேவர் திரும்பி வந்தார், கோட்டைகளைச் சரிசெய்தார், பழையபடி கிஸ்தி நின்றது. 1767-ல் கர்னல் டொனால்டு கேம்பெல் பெரிய பீரங்கிகளோடு வாசுதேவநல்லூருக்கு வந்தார். இந்த முற்றுகையில் உள்ளே இருந்தவர்களின் துணிச்சலைப் பார்த்து கேம்பெல்லே வியந்து எழுதியிருக்கிறார். குண்டு சுவரில் ஓட்டை போடப் போட, வைக்கோலையும் பனையோலையையும் ஈரமண்ணையும் கொண்டுவந்து அடைத்துக்கொண்டே இருந்தார்களாம், விழுந்தவரின் இடத்துக்கு அடுத்த ஆள் வந்துகொண்டே இருந்தாராம். கடைசியில் தாங்க முடியாமல் போய், இருந்தவர்கள் வெளியேறி மலைக்குள் மறைந்தார்கள். அதே 1767-ல்தான் லண்டன் பாராளுமன்றம் அமெரிக்காவில் இறங்குகிற தேயிலைக்கு வரி போட்டது.

நீங்கள் கேட்ட அறைக்கு இப்போது வருவோம். பூலித்தேவரைப் பிடித்துக்கொண்டு போகும் வழியில், சங்கரலிங்கத்தையும் கோமதி அம்மனையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டாராம். உள்ளே போனவர் திரும்பவில்லை, விலங்கு மட்டும் அறுந்து கிடந்ததாம், ஜோதியாகக் கலந்துவிட்டாராம். கம்பெனிக்காரர்கள் ஒருவரைத் தூக்கில் போட்டால் நாள், இடம், கூடி நின்ற ஆட்கள் என்று விவரமாக எழுதி வைப்பார்கள். கட்டபொம்மனுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். பூலித்தேவரின் கடைசி நாளைப் பற்றி வரலாறு எழுதியவர்கள் ஒத்துப்போகவே இல்லை. மலைக்குப் போயிருக்கலாம் என்பார் ஒருவர், ரகசியமாக முடித்திருப்பார்கள் என்பார் இன்னொருவர். கோவிலுக்குள் அவர் மறைந்ததாகச் சொல்லும் இடத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. புற்றுமண் வாங்கப் போகிறபோது எட்டிப் பாருங்கள்.